முன்பாரமும் பின்பாரமும்



உங்கள் கடிதம் கிடைத்தது. 1965ஆம் வருடத்து எம்ஜிபி கார், பச்சை நிறம், மடக்குக் கூரை. படித்ததும் பொறாமைதான் முதலில் வந்தது. லீட்ஸிலிருந்து கிளம்பி ஸ்காட்லாந்தின் கின்டைர் தீபகற்பம் வரை, கூடாரமும் அடுப்பும் படுக்கையுமாகப் போக வேண்டும், டிக்கியில் இடமில்லை, சின்ன டிரெய்லர் ஒன்றை மாட்டினால் அந்தக் கிழட்டு எஞ்சின் தாங்குமா என்று கேட்கிறீர்கள்.

தாங்கும். 1,798 சிசி, 95 குதிரைத்திறன். உங்கள் வண்டியில் கிராங்க் ஷாஃப்டை ஐந்து பேரிங்குகள் தாங்குகின்றன. 1964 இலையுதிர்காலத்துக்கு முன் வந்தவற்றில் மூன்றுதான். டிக்கியில் இடமில்லாததற்கும் உங்களை நொந்துகொள்ள வேண்டாம். ஸ்டெப்னி டயரே பாதியை அடைத்துக்கொண்டால் வேறு என்ன வைக்க முடியும்?

இழுப்பதில் சிக்கல் வராது. நீங்கள் கேட்காமல் விட்ட இரண்டு உண்டு: பாரத்தை எங்கே வைப்பது, வண்டியை எப்படி நிறுத்துவது.

மாட்டுவண்டியில் பாரம் ஏற்றுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே எழும்பிக் கழுத்துக் கயிறு இறுகும். நல்ல வண்டிக்காரர் மூட்டைகளை முன்னும் பின்னும் நகர்த்தி, ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டைப் பூட்டுவார். உங்கள் டிரெய்லரும் இரண்டு சக்கர வண்டிதான். கொக்கியின் மேல் இறங்கும் எடைக்கு இங்கிலாந்துக்காரர்கள் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் ‘மூக்குப்பாரம்’. மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் அங்கே இறங்க வேண்டும் என்பது பொதுக்கணக்கு. டிரெய்லர் சாமானோடு 200 கிலோ என்றால் 10 முதல் 14 கிலோ. குளியலறையில் எடை பார்க்கிற தராசின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, டிரெய்லரைச் சமமட்டமாக வைத்து அதன் மூக்கை இறக்கினால் தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலை.

அந்த ஐந்து நிமிடத்தை ஒருமுறை நான் மிச்சம் பிடித்தேன். தண்ணீர் கேன், கேஸ் சிலிண்டர், அரிசி எல்லாம் ‘எடுக்க வசதி’ என்று பின்கதவு ஓரமாகவே வைத்துவிட்டேன். எம்6 நெடுஞ்சாலையில் ஷாப் மேட்டைத் தாண்டி இறங்கும்போது பெரிய லாரி ஒன்று பக்கத்தில் கடந்து போனது. அது தள்ளிய காற்றில் டிரெய்லர் மெல்ல வலப்பக்கம் ஒதுங்கியது, பிறகு இடப்பக்கம், பிறகு இன்னும் கொஞ்சம் அதிகமாக வலப்பக்கம். கார் கூடவே இடுப்பை ஆட்டியது. குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் அந்த ஆட்டம் தானாக அடங்காது, ஒவ்வொரு வீச்சுக்கும் வளரும். பின்பாரம் அந்த எல்லை வேகத்தைக் கீழே இறக்கிவிடுகிறது. பிரேக்கை மிதிக்கக் கால் துடித்தது. மிதித்திருந்தால் டிரெய்லர் என்னை முந்தப் பார்த்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளிக்கப் பார்த்தாலும் ஆட்டம் கூடத்தான் செய்யும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்தேன். வேகம் குறைந்ததும் அடங்கியது. பக்கத்து இருக்கையில் என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த ஓய்விடத்தில் அரிசி மூட்டையை அவரே முன்னால் தூக்கி வைத்தார்.

இப்போது நிறுத்துவது. தனி பிரேக் இல்லாத டிரெய்லரை இழுப்பதானால் அதன் எடை, காரின் எடையில் பாதிக்குள் இருக்க வேண்டும். எப்படியும் 750 கிலோவைத் தாண்டக் கூடாது. பிரிட்டனின் சட்டம் இது. உங்கள் கார் சுமார் 920 கிலோ, ஆகவே 460. சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக அந்த 460ஐத் தொட்டுப் பார்க்காதீர்கள். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் பிரேக், சர்வோ உதவியும் இருக்காது. மிதிக்கும்போது பின்னாலிருந்து ஒரு பாரம் வேறு முட்டித் தள்ளும். 200 கிலோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டிரெய்லர் மாட்டியவருக்கு நடுத்தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில் மணிக்கு 50 மைல், மோட்டார்வேயில் 60 மைல்தான் உச்சம். மூன்று தடம் உள்ள மோட்டார்வேயில் வலது ஓரத் தடம் உங்களுக்கு இல்லை. 40 மைலில் இருக்கும் இயக்க ஆற்றல் 60 மைலில் இரண்டேகால் மடங்கு என்பதை நினைத்தால் இந்த வேக வரம்பு உறுத்தாது.

கொக்கி பொருத்தும்போது ஓர் எச்சரிக்கை. டிக்கியின் தரைக்குக் கீழே பெட்ரோல் டேங்க் தொங்குகிறது. கண்ணை மூடிக்கொண்டு டிரில் போடுகிறவரை அருகில் விடாதீர்கள். மெல்லிய தகட்டை மட்டும் நம்பிக் கொக்கியை மாட்டவும் கூடாது. பின் ஸ்பிரிங் பட்டைகள் காரோடு சேருமிடத்துக்கு அருகே, கெட்டியான பகுதியைப் பிடித்திருக்க வேண்டும். அங்கே துரு இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். துருவை மறைத்துப் பெயின்ட் அடித்திருக்கிறதா என்று சுத்தியலின் பிடியால் தட்டிப் பார்த்தால் சத்தமே சொல்லிவிடும்.

அடுத்தது மின் இணைப்பு. உங்கள் காரில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். 1967இன் இறுதியில்தான் மாற்றினார்கள். புதிய எல்ஈடி விளக்குகள் வைத்த டிரெய்லரை அப்படியே மாட்டினால் எரியாது. பழைய குண்டு பல்புகளே உத்தமம். இண்டிகேட்டரில் ஒரு பல்பு கூடுவதால் பழைய ஃபிளாஷர் படபடவென்று அடிக்கும், டிரெய்லருக்கென்று விற்கிற கனமான ஃபிளாஷரைப் போட்டுக்கொள்ளுங்கள். காரின் நம்பர் பிளேட் டிரெய்லரின் பின்னாலும் வேண்டும்.

ரிவர்ஸ் எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அவ்வளவு தாழ்வான காரிலிருந்து அவ்வளவு சின்ன டிரெய்லர் கண்ணிலேயே படாது; படும்போது அது ஏற்கெனவே மடங்கியிருக்கும். கழற்றிக் கையால் தள்ளிவிடுவேன் நான். யார் பார்த்தால் என்ன.

கிளாஸ்கோ தாண்டி ஏ83 சாலையில் ஒரு கணவாய் வரும். பதினெட்டாம் நூற்றாண்டில் ராணுவச் சாலை போட்ட சிப்பாய்கள் உச்சியில் கல் நட்டு ‘இளைப்பாறு, நன்றியோடிரு’ என்று பொருள்படும் பெயரைப் பொறித்துவிட்டுப் போனார்கள். அந்தப் பெயரே இடத்துக்கு நிலைத்துவிட்டது. மண்சரிவில் அடைபடுகிற சாலை, புறப்படும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் ஓவர்டிரைவ் இருந்தால் அணைத்துவிடுங்கள். உங்கள் வண்டியில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது என்பதால் ஓடும்போது அதில் இறக்குவது கரகரவென்று முடியும். இரண்டாவதிலேயே ஏறப் பாருங்கள்.

உச்சியில் நிறுத்தி, டிரெய்லரின் சக்கர மையத்தில் கை வையுங்கள். எட்டங்குலச் சக்கரம் அது. காரின் சக்கரம் ஒருமுறை சுற்றினால் அது கிட்டத்தட்ட ஒன்றரை முறை சுற்றும், பேரிங் சூடாவது அங்கேதான். இளஞ்சூடு என்றால் போகலாம். கை வைக்க முடியவில்லை என்றால் டீயைக் குடித்துவிட்டு கிரீஸ் டப்பாவைத் தேடுங்கள்.

அந்தச் சின்னச் சக்கரத்துக்கு ஒரு ஸ்டெப்னி வாங்கினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.