மவுஸைத் தொடாமல் தேடுவோம்!

(இரண்டாம் ஆண்டு மாணவன், கணினிப் பொறியியல்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்றார்கள். கவிதை எனக்கு வராது. பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு சின்ன விஷயத்தை எழுதுகிறேன். முதலாமாண்டுத் தம்பி தங்கைகள் படித்தால் ஆய்வகத்தில் கொஞ்ச நேரமாவது மிச்சமாகும்.

போன பருவத்தில் மின்கட்டணம் கணக்கிட ஒரு சி நிரல் எழுதினேன். வீட்டில் சொன்னதும் அப்பா எங்கள் வீட்டு இ.பி. அட்டையையே எடுத்துக் கொடுத்து, "இதுக்கு உன் கம்ப்யூட்டர் என்ன கணக்கு சொல்லுதுன்னு பார்த்துட்டு வா" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பாவுக்கு அது ஓர் ஆசை. எனக்கோ பரீட்சை மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ஆய்வக நேரத்துக்குள் முடித்து, பிரிண்ட் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

நிரல் நன்றாகத்தான் ஓடியது. சும்மா இருந்திருக்கலாம். 'சம்' என்று பெயர் வைத்திருந்த மாறியை 'டோட்டல்' என்று மாற்ற ஆசைப்பட்டேன். வி.எஸ். கோடில் கன்ட்ரோல் + எச் அழுத்தி இரண்டு பெயரையும் தட்டினேன். 'எல்லாவற்றையும் மாற்று' பட்டனில் மவுஸால் ஒரு கிளிக். அவ்வளவுதான். பிழை ஒன்றும் காட்டவில்லை. ஓடவிட்டால், 'கன்ஸ்யூமர் நம்பர்' என்று வர வேண்டிய இடத்தில் 'கன்டோட்டலர் நம்பர்' என்று வந்து நிற்கிறது! கன்ஸ்யூமர் என்பதை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். எஸ், யு, எம் மூன்றும் நடுவில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். மாறிகளின் பெயரும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கெட்டுப்போனதால் கம்பைலருக்குச் சந்தேகமே வரவில்லை. பின்னால் நின்ற சார், "யாருப்பா அந்தக் கன்டோட்டலர்?" என்றார். ஆய்வகமே சிரித்தது. கன்ட்ரோல் + இசட் ஒருமுறை அழுத்தியிருந்தால் பழையபடி வந்திருக்கும். பதற்றத்தில் அதுகூடத் தோன்றவில்லை.

பக்கத்தில் இருந்த மூன்றாமாண்டு அண்ணன்தான் காப்பாற்றினார். "அரிசியில கல்லு பொறுக்குற மாதிரி ஒண்ணொண்ணா பார்த்து மாத்துடா" என்று சொல்லி, மவுஸை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டார். அவர் காட்டிய வழி இதுதான்.

தேட வேண்டிய சொல்லின் மேல் கர்சரை வைத்து கன்ட்ரோல் + எஃப் அழுத்துங்கள். தேடும் பெட்டி திறக்கும். சொல்லும் தானே அதில் வந்துவிடும். என்டர் தட்டினால் அடுத்த இடம், ஷிஃப்ட் + என்டர் தட்டினால் முந்தைய இடம். எஸ்கேப் அழுத்திப் பெட்டியை மூடிய பிறகும் தேடல் மறந்துபோகாது. எஃப் 3 முன்னே கொண்டுபோகும், ஷிஃப்ட் + எஃப் 3 பின்னே கொண்டுவரும். கண் வரியை விட்டு நகராது, கை விசைப்பலகையை விட்டு நகராது.

பெட்டியின் ஓரத்தில், மொத்தம் எத்தனை இடம், இப்போது நிற்பது எத்தனையாவது என்று எண் காட்டும். இதை நம்மில் பல பேர் கவனிப்பதே இல்லை. என் நிரலில் அது 17 என்று காட்டியிருக்கும். நான் எழுதிய 'சம்' 9 இடம்தான். மீதி 8 எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் மானம் போயிருக்காது. இன்னொன்று, கடைசி இடம் முடிந்ததும் தேடல் மறுபடி முதல் இடத்துக்கே போய்விடும். எண்ணைப் பார்க்காவிட்டால் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருப்போம்.

முழுச் சொல்லாக இருந்தால் மட்டும் பிடிக்க ஆல்ட் + டபிள்யூ. அதைப் போட்டதுமே 17 என்பது 9 ஆக இறங்கியது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்க ஆல்ட் + சி. கன்ட்ரோல் + எச் போட்ட பிறகு, மாற்றுப் பெட்டியில் இருந்தபடி என்டர் தட்டினால் அந்த ஓர் இடம் மட்டும் மாறி, அடுத்ததில் போய் நிற்கும். அதை மாற்ற வேண்டாமா? எஃப் 3 தட்டித் தாண்டிவிடுங்கள். மாறியின் பெயரை மட்டும் மாற்ற எஃப் 2 இன்னும் நல்லது என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் அதற்கு சி மொழிக்கான எக்ஸ்டென்ஷன் போட்டிருக்க வேண்டும்.

மினி பிராஜெக்ட் செய்கிறவர்களுக்குப் பல ஃபைல்கள் இருக்கும். அங்கே கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஃப். எல்லா ஃபைலிலும் தேடி, விடைகளைப் பக்கவாட்டில் அடுக்கிக் காட்டும். ஒவ்வொன்றாகக் கிளிக் செய்யாதீர்கள். எஃப் 4 தட்டினால் அடுத்த விடை இருக்கும் ஃபைல் தானே திறந்து, அந்த வரியிலேயே கொண்டுபோய் நிறுத்தும். ஷிஃப்ட் + எஃப் 4 முந்தையதற்கு.

இது புதுசு ஒன்றும் இல்லை. 1976-இல் பில் ஜாய் எழுதிய வி.ஐ. எடிட்டர், மவுஸ் இல்லாத டெர்மினல்களில் ஓடியது. அதில் சாய்கோடு போட்டுச் சொல்லைத் தட்டி என்டர் அடித்தால் தேடும். சின்ன என் அடுத்த இடம், பெரிய என் முந்தைய இடம். லினக்ஸ் ஆய்வகத்தில் விம் திறந்து பாருங்கள், இன்றைக்கும் அதே விசைகள்தான்.

அன்று மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒன்பது இடத்தையும் பார்த்துப் பார்த்து மாற்றி முடித்தேன். பிரிண்ட்டை வாங்கிய அப்பா கணக்கைப் பார்க்கவில்லை. அட்டையைப் பக்கத்தில் வைத்து, கன்ஸ்யூமர் நம்பரை மட்டும் ஒவ்வோர் எண்ணாக விரல் வைத்துச் சரிபார்த்தார்.

சில லேப்டாப்களில் எஃப் 3, எஃப் 4 தட்டினால் சத்தம் கூடும், வெளிச்சம் குறையும். பயப்பட வேண்டாம். எஃப்.என். விசையைச் சேர்த்து அழுத்துங்கள், தேடல் நகரும்.