முடிவுரை எழுதுவது எப்படி?

கோடையில் மரக்காணம் பக்கம் சென்றிருக்கிறீர்களா? சாலையோரத்தில் பாத்தி பாத்தியாக உப்பளங்களைக் காணலாம். உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலிலும் காற்றிலும் வற்றவிட்டு, கடைசிப் பாத்தியில் உப்பை வாருகிறார்கள். ஆய்வேடும் இப்படித்தான். முடிவுரை அதன் கடைசிப் பாத்தி. முதற் பாத்தியில் வராத உப்பு கடைசிப் பாத்தியில் விளையாது!

இன்று கண்காட்சிக்கு அறிக்கை எழுதும் நீங்கள் நாளை பட்டத்திற்காக ஆய்வேடு எழுதுவீர்கள். பலரும் இடறுவது கடைசி அத்தியாயத்தில்தான். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

"உப்பு மிகுந்த நீர் மெதுவாக ஆவியாகிறதா?" இதுவே நம் கேள்வி. ஒரே அளவுள்ள இரண்டு தட்டுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் 2 கிலோகிராம் கடல்நீர்; மற்றதில் உப்புப் படியும் நிலையிலுள்ள உவர்நீர் அதே எடை. இரண்டையும் அருகருகே காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை வெயிலில் வைத்து, எடைக் குறைவை அளக்கிறோம். 3 நாள் சராசரியாகக் கடல்நீர் 400 கிராமும் உவர்நீர் 280 கிராமும் குறைந்தன என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது முடிவுரை. ஒரு மாணவர் இதே எண்களைத் திரும்ப எழுதுகிறார். அது முடிவு அன்று, அட்டவணையின் நகல். இன்னொருவர், "ஆகவே ஆழம் குறைந்த பாத்திகளே உப்பளத்திற்குச் சிறந்தவை" என்று எழுதுகிறார். ஆழத்தை மாற்றி அவர் சோதிக்கவே இல்லையே! இதை நம்பி ஓர் உப்பளக்காரர் தம் பாத்திகளை மாற்றியமைத்தால் நட்டம் யாருக்கு?

நல்ல முடிவுரையில் நான்கு செய்திகள் இருக்கும்.

1. கேள்விக்கு விடை: இந்தச் சோதனையில் உவர்நீர், கடல்நீரைவிட 30 விழுக்காடு குறைவாக ஆவியாயிற்று.

2. காரணம்: கரைந்துள்ள உப்பு நீரின் ஆவி அழுத்தத்தைக் குறைக்கிறது. நிறைவுற்ற உப்புக் கரைசலின் ஆவி அழுத்தம், அதே வெப்பநிலையில் தூய நீருக்குள்ளதில் ஏறக்குறைய 75 விழுக்காடுதான். நம் அளவீடு இதனுடன் ஒத்துப்போகிறது.

3. எல்லை: சோதனை பகலில், 3 நாட்கள், தட்டில் நடந்தது. உப்பளத்தில் தரைக் கசிவும் உண்டு. அதை நாம் அளக்கவில்லை.

4. அடுத்த கேள்வி: காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும் கடற்கரை இரவுகளில், காற்றின் வெப்பநிலைக்கே குளிர்ந்துவிட்ட உவர்நீர் வற்றுவது நின்றுவிடுமா?

எல்லையைச் சொன்னால் ஆய்வின் மதிப்பு குறையுமோ என்று அஞ்ச வேண்டாம். சர் சி.வி. இராமன் 1921-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பியபோது கடலின் நீல நிறத்தை ஆராய்ந்தார். வானத்தின் நீலம் நீரில் எதிரொளிப்பதே காரணம் என்று ராலே பிரபு கருதியிருந்தார். இராமன் நிக்கல் பட்டகத்தின் வழியே தக்க கோணத்தில் பார்த்து, மேற்பரப்பிலிருந்து எதிரொளித்த ஒளியைத் தடுத்தார். நீலம் மறையவில்லை! ஆகவே எதிரொளிப்பு மட்டும் காரணம் அன்று. நீர் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறடிக்கின்றன என்று முடிவு செய்தார். நீர் சிவப்பு ஒளியை உட்கவர்வதும் முக்கியக் காரணம் என்பதை இன்று அறிவோம். விளக்கம் விரிந்தது; ஆனால் "எதிரொளிப்பு மட்டும் அன்று" என்ற முடிவு அசையவில்லை. ஏன்? அது கண்ட சான்றின் மேல் நின்றது. ஒளிச் சிதறலைப் பற்றி அவர் தொடர்ந்து கேட்ட கேள்விகளே 1928-இல் இராமன் விளைவுக்கு இட்டுச் சென்றன.

என் முதுகலை ஆய்வேட்டின் முடிவுரையில் ஒரு பெருமையான வாக்கியத்தை எழுதியிருந்தேன். என் வழிகாட்டி அதன் ஓரத்தில் பென்சிலால், "இது எந்த அட்டவணையில் இருக்கிறது?" என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்தார். எந்த அட்டவணையிலும் இல்லை. இரவு முழுதும் தேடிவிட்டு அதை அடித்தேன். அத்தியாயம் சிறுத்தது, தேர்வாளரின் எல்லாக் கேள்விகளுக்கும் என்னால் விடை சொல்ல முடிந்தது.

உங்கள் அடுத்த அறிக்கையை எடுங்கள். முடிவுரையின் ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும் அதற்குரிய அட்டவணை எண்ணைக் குறியுங்கள். எண் கிடைக்காத வாக்கியத்தை நீக்குங்கள், அல்லது அதைக் கேள்வியாக்கிச் சோதித்துப் பாருங்கள்!