சூப்பர்நோவா எச்சத்தின் வயதும் தொலைவும்

கேள்வி: கோலார் தங்கவயல் சுரங்கத்தில் ஆராயப்பட்ட காஸ்மிக் கதிர்களுக்கு மூலம் வெடித்த விண்மீன்களின் எச்சங்கள் என்கிறார்கள். அந்த எச்சங்களின் வயதையும் தொலைவையும் எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பதில்: சூப்பர்நோவா எச்சத்தின் வயதைக் கணிக்க அதன் தொலைவு தெரிந்திருக்க வேண்டியதில்லை, இந்த முறையின் அழகே அதுதான். வெடித்த மையத்திலிருந்து விளிம்பு எத்தனை ஆர்க்செகண்ட் (வானில் தெரியும் கோண அளவு) விலகியிருக்கிறது, அது ஆண்டுக்கு எவ்வளவு கூடுகிறது என்ற இரண்டும் போதும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வயது.

ரிஷப ராசியிலுள்ள நண்டு நெபுலா விரிவதை, 1909-லும் 1921-லும் மவுண்ட் வில்சனில் எடுத்த படங்களை ஒப்பிட்டு ஜான் டங்கன் காட்டினார். 1928-இல் எட்வின் ஹபிள் அதன் வயது சுமார் 900 ஆண்டு என்று கணித்து, 1054-இல் சீனர்கள் குறித்துவைத்த புதிய விண்மீனோடு அதைத் தொடர்புபடுத்தினார். நெபுலா நீள்வட்ட வடிவமானது. அதன் குறுகிய பக்க விளிம்பு மையத்திலிருந்து சுமார் 145 ஆர்க்செகண்ட் தள்ளியிருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 0.17 ஆர்க்செகண்ட் நகர்கிறது. தங்கவயலில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு பொருள் 2 மில்லிமீட்டர் நகர்வதைத் தரைமட்டத்திலிருந்து பார்ப்பதற்கு ஒப்பான நுட்பம் இது. ஆகவேதான் பல ஆண்டு இடைவெளியுள்ள படங்கள் தேவைப்படுகின்றன.

வகுத்தால் வருவது சுமார் 850 ஆண்டு. 1968-இல் வர்ஜீனியா டிரிம்பிள் வாயு இழைகளின் நகர்வைப் பின்னோக்கிக் கணக்கிட்டபோதும், அவை 1140-ஐ ஒட்டியே ஒரு புள்ளியில் கூடின. உண்மையான வெடிப்பு அதற்கு முன்பே நிகழ்ந்துவிட்டது. வேகம் மாறவில்லை என்று கொண்டதுதான் பிழை: உள்ளேயிருக்கும் பல்சார் (வெடிப்பில் எஞ்சிய, வேகமாகச் சுழலும் விண்மீன் கரு) வாயுவைத் தள்ளித் தள்ளி வேகத்தைக் கூட்டியிருக்கிறது. பழைய எச்சங்களில் நிலைமை நேர்மாறு. சுற்றியுள்ள வாயுவை வாரிக்கொண்டு அவை தளர்ந்துவிடுவதால், வகுத்து வந்த எண்ணில் ஐந்தில் இரண்டு பங்கே ஏறத்தாழ உண்மையான வயது.

தொலைவுக்கு நிறமாலை வேண்டும். நம்மை நோக்கி வரும் வாயுவின் ஒளி நீலத்தின் பக்கமும், விலகிப் போவதன் ஒளி சிவப்பின் பக்கமும் நகர்கிறது. நண்டு நெபுலாவில் இது தரும் வேகம் வினாடிக்குச் சுமார் 1,500 கிலோமீட்டர். குறுக்குவாட்டிலும் அதே வேகம் என்று கொண்டால், அது 0.17 ஆர்க்செகண்டாகத் தெரிய நெபுலா சுமார் 6,000 ஒளி ஆண்டுக்கு அப்பால் இருக்க வேண்டும். அதன் ஆழமும் குறுகிய பக்கத்தின் அளவே என்பது வெறும் அனுமானம். அதனால், பொதுவாகச் சொல்லப்படும் 6,500 ஒளி ஆண்டிலும் ஆயிரத்துக்கு மேல் கூடக்குறைய இடமுண்டு.

1965-இல் கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஒசாகா, டர்ஹாம் குழுவினர் வளிமண்டல நியூட்ரினோக்கள் உண்டாக்கிய மியூவான்களைப் பதிவுசெய்தனர். அந்த நியூட்ரினோக்களைப் பிறப்பித்தவை காஸ்மிக் கதிர்களே. ஆனால் மின்னேற்றமுள்ள காஸ்மிக் துகள்கள் விண்வெளிக் காந்தப்புலங்களில் வளைந்து வளைந்து வருவதால், வந்த திசை பிறந்த இடத்தைக் காட்டாது. எனவே ஆற்றல் கணக்கே முக்கியச் சான்று. எச்சத்தின் தொலைவும் வேகமும் தெரிந்தால் வெடிப்பின் ஆற்றலை மதிப்பிடலாம். நமது பால்வெளியில் நூற்றாண்டுக்கு இரண்டு மூன்று வெடிப்புகள் நிகழ்ந்து, ஒவ்வொன்றின் ஆற்றலிலும் பத்தில் ஒரு பங்கு துகள்களுக்குப் போனால், காஸ்மிக் கதிர்கள் குன்றாமல் நிலைக்க அதுவே போதும்.