ஹாலைப் படைத்தவர் நம் பெயர்க்காரர்

கேள்வி: '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தின் கணினி 'ஹால்', ஐபிஎம் நிறுவனத்தைச் சுட்டும் மறைகுறிப்பா? நண்பர்களுக்குள் ஓயாத வாதம்.
– வாசகர், கிளிவெட்டி

பதில்: எச், ஏ, எல். மூன்றையும் அடுத்த எழுத்துக்கு நகர்த்தினால் ஐ, பி, எம். பொருத்தம் கச்சிதம்தான். ஆனால் தற்செயல் என்றே படத்தின் கதையை எழுதியவர்களில் ஒருவரான ஆர்தர் சி. கிளார்க் சொன்னார்; அதன் தொடர்ச்சியாக 1982இல் வந்த '2010' நாவலில் ஹாலை உருவாக்கிய டாக்டர் சந்திராவின் வாயாலும் அதை மறுக்கவைத்தார். நான் அவரை நம்புகிறேன்.

நீங்கள் வாதாட வேண்டியது அந்தச் சந்திராவைப் பற்றி. நாவலில் அவருடைய முழுப்பெயர் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை! 1956இல் உங்கள் திருகோணமலையில் நண்பர் மைக் வில்சனோடு சுழியோடி, கடலடியில் கோணேசர் கோயிலின் சிதைவுகளைப் பார்த்த கிளார்க் வைத்த பெயர் அது. 1984இல் வந்த '2010' படத்திலோ அந்த வேடம் அமெரிக்க நடிகர் பாப் பாலபனுக்குப் போயிற்று. எனக்கு அது இன்றும் ஆறாத வருத்தம்.