மஞ்சள் கேசட்டும் மைனஸ் உலகமும்

தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் பசறை, ஹாலிஎல, தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பதுளை டவுனுக்கு இறங்கிய குடும்பங்களில் சில, பிள்ளைகளுக்கு உடுப்போடு ஒரு ‘டிவி கேம்’ பெட்டியையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிய காலம் ஒன்று இருந்தது. நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகொம் சாதனத்தின் அனுமதியில்லா நகல் அது. லயத்தில் எந்த வீட்டில் டிவி இருந்ததோ அந்த வீட்டில் கூட்டம் கூடும். ஆடுகிறவர் இரண்டு பேர், சுற்றி உட்கார்ந்து கதை விடுகிறவர் பத்துப் பேர். அந்தக் கதைகளில் எது மெய், எது புளுகு என்று இன்று சொல்லிவிடலாம். அந்த விளையாட்டுகளின் நிரலை வரிவரியாகப் பிரித்துப் படித்தவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். பார்த்தவரையில் என் தீர்ப்பு இது: பிள்ளைகளைவிட, கேசட்டில் ஒட்டியிருந்த தாள்தான் அதிகம் பொய் சொன்னது.

‘9999999 இன் 1’ என்று அச்சிட்ட மஞ்சள் கேசட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவை ஒரு கையளவு விளையாட்டுகள்தான். அவையே பட்டியலில் வெவ்வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். ஒன்றில் மூன்றாம் உலகத்தில் தொடங்கும், இன்னொன்றில் உயிர் கூடுதலாக இருக்கும், அவ்வளவே. ‘மாரியோ 14’ அதைவிடப் பெரிய மோசடி. ஃபேமிகொம் சாதனத்துக்கு நின்டெண்டோ செய்த சூப்பர் மாரியோ வரிசை மூன்றோடு நின்றுவிட்டது. பதினான்காவது என்று விற்றது, ஐரெம் நிறுவனத்தின் ‘கைகெட்சு யன்சமாரு 3’ என்ற வேறொரு விளையாட்டு. அதன் நாயகனுக்கு மாரியோவின் தொப்பியையும் மீசையையும் மாட்டிவிட்டிருந்தார்கள்.

கேசட் ஓடவில்லையென்றால் ஊத வேண்டும் என்பது அநேகமாக எல்லோரும் நம்பியது. ஊதியது வேலை செய்யவில்லை, கழற்றி மறுபடி செருகியதுதான் வேலை செய்தது. செருகும்போது உலோக விளிம்புகள் உரசிப் புதிய தொடுப்புக் கிடைக்கிறது. மூச்சிலிருக்கும் ஈரமோ அந்த விளிம்புகளில் களிம்பு பிடிக்க வைக்கும். நமுனுகுலை மூடுபனிக்குள் இருக்கிற லயத்தில் அந்த உதவி வேறு தேவையா? சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தால் போதும்.

கரண்ட் குறைந்தால் மாரியோ மெதுவாக ஓடுவான் என்பது தோட்டத்துக்கே உரிய கதை. பொழுது சாய்ந்து எல்லா வீட்டிலும் பல்ப் மங்கும்போது அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் வேகத்தை முடிவு செய்வது பெட்டிக்குள் துடிக்கும் ஒரு சிறு படிகம். மின்னழுத்தம் மிகவும் விழுந்தால் படம் குழம்பும், இல்லை ஆட்டமே நின்றுபோகும். மெதுவாகாது. திரையில் எதிரிகள் குவிந்தால் ஆட்டம் தடுமாறுவது உண்மை. உருவங்கள் மின்னி மறைவதும் உண்மை, ஏனென்றால் ஒரே கிடைக்கோட்டில் எட்டு நகரும் துண்டுகளுக்கு மேல் வரைய பெட்டியின் படச் சில்லுக்கு வலு இல்லை.

இதோடு சேர்ந்த இன்னொன்று: இன்று கைபேசியில் அதே மாரியோவை ஓட்டிப் பார்க்கிறவர்கள், “இது ஒரிஜினல் இல்லை மச்சான், வேகமா ஓடுது” என்கிறார்கள். நேர்மாறு. ஜப்பானில் டிவித் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும், நமது டிவிகளின் பால் (PAL) முறையில் 50 முறை. ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் ஓர் அடி என்ற கணக்கில் எழுதிய ஆட்டம், பால் முறைக்கென்று செய்த பெட்டியில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் நகர்ந்தது. பாட்டும் கூடவே இழுபட்டது. நாம் பழகியதுதான் மெதுவானது.

இனி பிள்ளைகள் சொன்ன பெருங்கதைக்கு வருவோம். மாரியோவில் முதல் உலகத்தின் இரண்டாம் கட்டமான 1-2இன் முடிவில் சுவருக்குள் புகுந்து போனால் ‘மைனஸ் 1’ என்று ஓர் உலகம் வரும், அதை முடித்தவனுக்கு ரகசிய இளவரசி கிடைப்பாள்! முதல் பாதி முழு உண்மை. கடைசிக் குழாய்க்கு மேலுள்ள செங்கலை உடைத்து, குனிந்தபடி பின்பக்கமாகத் தாவினால் மாரியோ சுவருக்குள் வழுக்கிப் போவான். அங்கிருந்து உலகம் தாண்டும் அறையின் முதல் குழாயில், அறை முழுதாகத் திரைக்கு வருமுன் இறங்க வேண்டும். அந்த நேரம் நினைவகத்தில் இருக்கும் உலக எண் 36. அந்த எண்ணுக்கான எழுத்துக் கட்டமோ வெறும் வெற்றிடம். ஆகவே திரையில் எண் தெரியாமல், நடுவிலிருக்கும் கோடும் 1 என்ற கட்ட எண்ணும் மட்டும் தெரிந்தன. மைனஸ் என்று படித்தது நாம்தான், யாரும் அப்படி ஓர் உலகம் செய்து ஒளித்து வைக்கவில்லை. போய்ச் சேர்வது 2-2, 7-2 இரண்டிலும் வரும் அதே கடல் கட்டம். அதன் முடிவிலுள்ள குழாய் மறுபடி தொடக்கத்துக்கே கொண்டுவிடும். நேரமும் உயிரும் தீரும்வரை நீந்த வேண்டியதுதான். ஆனால் 1986இல் ஜப்பானில் வந்த டிஸ்க் பதிப்பில் இதே பிழை மூன்று கட்டங்களைத் திறந்தது, அவற்றை முடிக்கவும் முடிந்தது. முதலாவதில் இளவரசி தண்ணீருக்குள் மிதப்பாள். யாருக்குத் தெரியும், அந்தப் புளுகு எங்கிருந்து கிளம்பியதோ!

கொடிக்கம்பத்தின் உச்சியைப் பிடித்தால் வாணவேடிக்கை வரும் என்பது தவறு. உயரத்துக்குக் கிடைப்பது புள்ளி மட்டும். கம்பத்தைத் தொடும் நேரத்தில் கடிகாரத்தின் கடைசி இலக்கம் 1, 3, 6 இவற்றில் ஒன்றாக இருந்தால் அத்தனை வெடி வெடிக்கும். கம்பத்தைத் தாண்டிக் குதிக்க முடியும் என்று சத்தியம் செய்த பையன் பொய் சொல்லவில்லை. 3-3இல் தராசுத் தட்டின் உதவியோடு அது கூடும், அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை என்பதுதான் ஏமாற்றம். 3-1 படிக்கட்டில் ஆமையை மிதித்து மிதித்து உயிர் சேர்த்தவர்களும் எச்சரிக்கையைச் சரியாகவே சொன்னார்கள். 127ஐத் தாண்டினால் அந்த எண் கழித்தல் எண்ணாகிவிடும், அடுத்த சாவோடு ஆட்டம் முடிந்தது. மேகமும் புதரும் ஒரே படம், நிறம்தான் வேறு என்று கண்டுபிடித்தவன் கெட்டிக்காரன். முழு ஆட்டத்தையும் 40 கிலோபைட்டுக்குள் அடக்கியவர்கள் வேறென்ன செய்வார்கள்?

கொன்ட்ரா என்ற ஆட்டத்தில் 30 உயிர் தரும் சூத்திரம் அந்த ஆட்டத்துக்காகப் பிறந்ததல்ல. கொனாமியின் கசுஹிசா ஹஷிமோட்டோ, 1986இல் ஃபேமிகொமுக்கு வந்த கிரேடியஸ் ஆட்டத்தைச் சோதிக்க அது மிகக் கடினமாக இருந்ததால் தன் வசதிக்கு வைத்த பட்டன் வரிசை அது.

டாங்கி ஆட்டத்தில், அதாவது நாம்கோவின் 1985ஆம் ஆண்டு ‘பேட்டில் சிட்டி’யில், ரகசியம் இருப்பதாக யாரும் சொன்னதில்லை. அதில்தான் இருந்தது. இரண்டு கொன்ட்ரோலர்களையும் வைத்து ஒரு நீண்ட பட்டன் வரிசையை அழுத்தினால், இந்த நிரலை எழுதியவன் நொரிக்கோ என்ற பெண்ணைக் காதலிக்கிறான் என்ற செய்தி வரும். கழுகைக் காப்பாற்றச் செங்கல் உடைத்த நம் பிள்ளைகளுக்கு அந்தக் காதல் தெரியவே இல்லை.

கடைசியாக வாத்துச் சுடும் துவக்கு. அதிலிருந்து கதிர் பாய்ந்து டிவியைக் கெடுக்கும் என்று பயந்து துவக்கைப் பூட்டி வைத்த பெரியவர்கள் உண்டு. துவக்கிலிருந்து எதுவும் பாய்வதில்லை, அது ஒளியை வாங்குகிற கருவி. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுக்கும், பிறகு வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். அந்த வெளிச்சம் துவக்கின் குழாய்க்குள் விழுந்தால் வாத்து விழும். ஒற்றை வாத்து ஆட்டத்தில், கொன்ட்ரோலரைப் பிடித்திருப்பவர் அந்த வாத்தைத் தன் விருப்பத்துக்குப் பறக்கவிடலாம் என்பதும் உண்மை. அண்ணன் சுடும்போது தம்பி செய்த குறும்பு கற்பனை அல்ல. இந்தக் கணக்கெல்லாம் படத்தைத் தாமதமின்றிக் காட்டும் பழைய குழாய் டிவிக்காகப் போட்டது, இன்றைய தட்டைத் திரையில் துவக்கு வேலை செய்யாது. வீட்டில் அந்தப் பெட்டியும் துவக்கும் இன்னும் இருந்தால், மூலையில் கிடக்கும் பெரிய டிவியைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள்.