‘வேண்டாம்’ என்பவருக்கு வழி எங்கே?

கேள்வி: ஊர்காவற்றுறையில் ஐந்து அறைகள் கொண்ட விருந்தினர் இல்லம் நடத்துகிறேன். நயினாதீவுத் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் எங்கள் சனம் இங்கே தங்கிப்போகும். வருகைப் புத்தகத்தில் அவர்கள் எழுதிவைத்த மின்னஞ்சல் முகவரிகள் நானூறுவரை சேர்ந்துவிட்டன. அறைக் கழிவு, நெடுந்தீவுப் படகுப் பயணம், பனங்கட்டி, புழுக்கொடியல் விற்பனை பற்றி அவ்வப்போது எல்லாருக்கும் மின்னஞ்சல் போடுவேன். ரொறன்ரோவில் இருக்கும் ஒருவர் நிறுத்தச் சொல்லிப் பலமுறை பதில் எழுதினார், நான் கவனிக்கவில்லை. இப்போது முறைப்பாடு செய்வேன் என்கிறார். இணையத்தளம் செய்துதந்த தம்பி, மின்னஞ்சலின் அடியில் சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு லிங்க் சேர்த்திருக்கிறார். அதைத் தட்டினால் கடவுச்சொல் கேட்கும். பெரிதாகப் போட்டால் எல்லாரும் விலகிவிடுவார்களாம். இது போதுமா? கனடாச் சட்டம் இங்கே இருக்கும் என்னைக் கட்டுப்படுத்துமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஊர்காவற்றுறை

பதில்: போதாது. லிங்க் கண்ணில் படாதது ஒரு குறை. தட்டியதும் கடவுச்சொல் கேட்பது அதைவிடப் பெரிய குறை. உங்கள் விருந்தினர் எவராவது உங்கள் தளத்தில் கணக்குத் திறந்தாரா? பேனையால் முகவரி எழுதித் தந்தவரிடம் அவருக்கு இல்லாத கடவுச்சொல்லைக் கேட்பது, படலையைப் பூட்டிவைத்துக்கொண்டு ‘போய்வாருங்கள்’ என்று சொல்வதற்குச் சமம்.

முதலில் நம் நாட்டுச் சட்டம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27 ஆம் பிரிவு உங்கள் விடயத்தை நேரடியாகவே பேசுகிறது. பொருளையோ சேவையையோ விளம்பரப்படுத்தும் செய்தியை மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ அனுப்புவதானால், பெறுபவரின் சம்மதம் வேண்டும். எப்படி விலகுவது என்பதை, முகவரி வாங்கும்போதும் சொல்லவேண்டும். அனுப்பும் ஒவ்வொரு செய்தியிலும் சொல்லவேண்டும். விலகுவதற்குக் காசு வாங்கக்கூடாது. அனுப்புவது யார், எதைப் பற்றிய செய்தி என்பதும் தெரியவேண்டும். பெறுபவர் கனடாவில் இருந்தாலும், முகவரிகளை வைத்து நீங்கள் வேலை செய்வது இலங்கையில் என்பதால் இந்தச் சட்டத்துக்குள் வருகிறீர்கள். தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையின் பணிப்பை மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் ஒரு கோடி ரூபா வரை தண்டம் விதிக்க இடமுண்டு.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். இந்தச் சட்டம் முழுவதும் ஒரே நாளில் நடைமுறைக்கு வரவில்லை. அதிகாரசபையை அமைக்கும் பகுதி 2023 ஜூலையில் வந்தது. 2025 மார்ச்சுக்கென்று குறித்திருந்த முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன; அதே ஆண்டில் திருத்தச் சட்டமும் வந்தது. எந்தப் பகுதி எந்த நாளில் உயிர்பெறும் என்பது வர்த்தமானியைப் பொறுத்தது. ‘அதுவரை தாராளமாக அனுப்பலாமா’ என்று கேட்காதீர்கள். அந்த நாள் வரும்போது, சம்மதம் இல்லாமல் சேர்த்த நானூறு முகவரிகளும் உங்களுக்குச் சுமையாகத்தான் இருக்கும்.

வருகைப் புத்தகத்தில் எழுதியது சம்மதம் ஆகாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். ‘நண்டுக்கறி நன்றாக இருந்தது’ என்று எழுதி அதன் கீழே முகவரியும் போட்டவர், உங்கள் உபசாரத்தைத்தான் பாராட்டினார். விளம்பரம் அனுப்பச் சொல்லவில்லை. பதிவுக்காக வாங்கிய படிவத்திலிருந்து எடுத்த முகவரி என்றால் நிலைமை இன்னும் மோசம். ஒரு நோக்கத்துக்கு வாங்கிய விவரத்தை வேறொன்றுக்குப் பயன்படுத்துவதையும் இந்தச் சட்டம் தடுக்கிறது. இனிமேல் புத்தகத்தில் தனி நிரல் ஒன்று போடுங்கள்: ‘கழிவு, பயண அறிவித்தல்களை மின்னஞ்சலில் அனுப்பலாமா? எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்.’ விருந்தினர் தன் கையால் ‘ஆம்’ என்று எழுதட்டும்.

இனிக் கனடா. 2014 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள அந்நாட்டு ஸ்பாம் தடுப்புச் சட்டம், கனடாவில் உள்ள கணினியில் திறக்கப்படும் வணிகச் செய்திக்கும் பொருந்தும். எங்கிருந்து அனுப்பினாலும் சரி. ஆகவே உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: ஆம், பொருந்தும். அந்தச் சட்டப்படி, உங்களிடம் அறை எடுத்தவர் என்றால் அந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு அவர் சம்மதித்ததாகக் கொள்ளலாம். விலை மட்டும் விசாரித்தவர் என்றால் ஆறு மாதம்தான். அந்தக் காலத்துக்குள்ளும் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. பத்து வேலை நாட்களுக்குள் நிறுத்தவேண்டும். விலகும் லிங்க், மின்னஞ்சல் போனதிலிருந்து 60 நாட்களாவது வேலை செய்யவேண்டும். உங்கள் பெயரும் தபால் முகவரியும் செய்தியில் இருக்கவேண்டும்.

லிங்க் இருந்தால் மட்டும் போதாது, அது கண்ணில் படவேண்டும் என்பதற்கு முன்னுதாரணமே உண்டு. ‘பிளென்டி ஒஃப் ஃபிஷ்’ என்ற துணைதேடும் தளத்தின் மின்னஞ்சல்களில் விலகும் வழி தெளிவாகவும் எடுப்பாகவும் இல்லை, எளிதில் செய்யக்கூடியதாகவும் இல்லை என்று குற்றச்சாட்டு எழுந்தது. 2015 மார்ச்சில் அந்த நிறுவனம் 48,000 கனடிய டொலர் கட்டி விடயத்தை முடித்துக்கொண்டது. உங்கள் தம்பி போட்டிருக்கும் சாம்பல் நிற லிங்கிலும் இதே குறைதான். கடவுச்சொல் விடயத்தில், அமெரிக்காவின் 2003 ஆம் ஆண்டு ஸ்பாம் சட்டமும், விலக விரும்புபவரிடம் மின்னஞ்சல் முகவரியைத் தவிர வேறு விவரம் கேட்கக்கூடாது, ஒரு பதில் மின்னஞ்சலுக்கோ ஒரே ஒரு பக்கத்துக்கோ மேல் அலைக்கழிக்கக்கூடாது என்கிறது.

கனடிய அதிகாரிகள் நானூறு மின்னஞ்சலுக்காக ஊர்காவற்றுறைக்கு ஆள் அனுப்புவார்களா? பெரும்பாலும் மாட்டார்கள். தண்டனை வேறு பக்கத்தால் வரும். விலகும் வழியைத் தேடி அலுத்தவர் ‘ஸ்பாம்’ பொத்தானை அழுத்துவார். ஜிமெயில் கணக்குகளுக்கு அனுப்புவோருக்குக் கூகுள் 2024 பெப்ரவரியில் விதித்த நிபந்தனைகளில், ஸ்பாம் முறைப்பாடு 0.3 சதவீதத்தை எட்டக்கூடாது என்பதும் ஒன்று.  கணக்கைப் பாருங்கள்: நானூறு பேரில் இருவர் அழுத்தினாலே 0.5 சதவீதம். பிறகு நீங்கள் அனுப்பும் அறை உறுதிப்படுத்தலும், குறிகட்டுவானில் படகு எத்தனை மணிக்கு என்ற தகவலும்கூட ஸ்பாம் பெட்டிக்குள் போய் விழலாம். விலகட்டும் என்று விடுவது உங்களுக்குத்தான் இலாபம்.

சரி, எப்படிச் செய்வது? மற்ற எழுத்தின் அதே அளவில், அதே கறுப்பு நிறத்தில், ‘இந்த அறிவித்தல்கள் இனி வேண்டாம் என்றால் இங்கே தட்டுங்கள்’ என்று ஒரு வரி போடுங்கள். இளையவர்கள் படிக்க ஆங்கிலத்திலும் அதையே எழுதுங்கள். படமாகச் செய்து போடாதீர்கள். கைத்தொலைபேசியில் படம் திறக்காவிட்டால் லிங்கும் தெரியாது. தட்டினால் ‘நீக்கிவிட்டோம்’ என்ற பக்கம் வந்தால் போதும். ‘ஏன் போகிறீர்கள்’ என்று கேட்க ஆசையாக இருந்தால் அதற்குப் பிறகு கேளுங்கள். அஞ்சல் அனுப்பும் சேவை ஒன்றைப் பயன்படுத்தினால், அனுப்புநர் பெயருக்குப் பக்கத்திலேயே விலகும் பொத்தான் தோன்றும்படி மின்னஞ்சலின் தலைப்பகுதியை அமைக்கச் சொல்லித் தம்பியிடம் கேளுங்கள்.

விலகியவரின் முகவரியை அழித்துவிட்டு மறந்துவிடாதீர்கள். ‘அனுப்பக்கூடாதவர்’ என்ற பட்டியலில் அதை வைத்திருங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு யாராவது பழைய புத்தகத்தைப் பார்த்துத் திரும்பவும் ஏற்றிவிடுவார்கள். லிங்கைத் தட்டாமல் ‘நிறுத்துங்கள்’ என்று பதில் எழுதியவரும் விலகியவர்தான். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி, மின்னஞ்சல் என்பதற்காக மட்டும் அந்த வார்த்தைக்குச் சட்ட வலு இல்லாமல் போகாது. ரொறன்ரோக்காரர் எழுதிய பதில்கள்தான் அவரிடம் இருக்கும் சான்று.

அவருக்கு இன்றே எழுதுங்கள். தாமதத்துக்கு வருத்தம், முகவரியை நீக்கிவிட்டோம், இன்ன திகதியில் நீக்கினோம் என்று மூன்று வரி போதும். அந்தக் கடிதத்தின் அடியில் பனங்கட்டி விலையைப் போட்டுவிடாதீர்கள்.