"ஸ்டோர்ல இருந்தேன் சாப், அவ்வளவுதான்"

பட்டாளத்துக்காரர்களில் பெரும்பாலோர் நாற்பதை ஒட்டிய வயதிலேயே பென்ஷனில் வந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் காலம் அது. அவசரத்தில் முதலில் கிடைப்பது செக்யூரிட்டி வேலை. சென்னை கே.கே. நகரில் எத்தனை அடுக்ககங்களின் கேட்டில் ராணுவத் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் இருந்தவர்களும், வண்டிகளைப் பழுதுபார்த்த இ.எம்.இ. மெக்கானிக்குகளும் நிற்கிறார்கள்! அது கண்ணியமான வேலைதான். ஆனால் அவர்கள் கற்ற தொழில் அங்கே வீணாகிறது. சுபேதாராக ஓய்வுபெற்று இங்கே குடியேறிய நாளிலிருந்து, இளையவர்களுக்கு வேறு வேலை தேட என்னால் ஆனதைச் செய்து வருகிறேன்.

பயோடேட்டாவிலிருந்துதான் தொடங்குவேன். ஒரு ஹவில்தார் கொண்டுவந்ததில் ரெஜிமென்ட் நம்பர், ரேங்க், மெடல் மட்டும் இருந்தன. "என்ன வேலை பார்த்தே தம்பி?" என்றால், "ஸ்டோர்ல இருந்தேன் சாப், அவ்வளவுதான்" என்றார். காலையில் பூட்டைத் திறப்பதிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஆயிரக்கணக்கான உதிரிபாகங்கள், லெட்ஜர், ஆண்டுத் தணிக்கை, கீழே வேலை பார்த்த ஆட்கள் என்று எல்லாம் மெல்ல வெளியே வந்தன. அதையே எழுதினோம். அம்பத்தூரில் ஒரு கிடங்கில் ஷிப்ட் சூபர்வைசராக எடுத்துக்கொண்டார்கள். செய்த வேலையைச் சொல்வது தற்பெருமை என்று நம்மவர்கள் கூசுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஒருவர் இருந்தால் போதும், சொல்லிவிடுவார்கள்.

சம்பளப் பேச்சிலும் துணை வேண்டும். "உங்களுக்குத்தான் பென்ஷன் வருதே" என்று குறைத்துக் கேட்பார்கள். பென்ஷன் முடிந்துபோன உழைப்புக்கு, சம்பளம் இனிச் செய்யும் உழைப்புக்கு. பேரம் பேசிப் பழகாதவர்களை முன்கூட்டியே தயார்ப்படுத்துவேன். வீட்டம்மாவையும் கூப்பிட்டு உட்காரவைப்பேன். இத்தனை வருடம் தனியாகக் குடும்பம் நடத்தியவருக்குத்தான் மாதம் எவ்வளவு வேண்டும் என்று தெரியும்.

டிரைவர்கள் ரிலீஸ் ஆகும் முன்பே கவனிக்க வேண்டியது லைசென்ஸ். மோட்டார் வாகனச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி, ராணுவம் கொடுத்த உரிமம் அரசின் ராணுவ வண்டிகளுக்கு மட்டுமே செல்லும். மலைப்பாதையில் லாரி ஓட்டியவரானாலும் சிவில் உரிமம் தனியாக வேண்டும். எங்கள் பகுதிக்காரர்கள் கே.கே. நகர் ஆர்.டி.ஓ.வில், விடுப்பில் வரும்போதே வேலையைத் தொடங்கிவிடலாம்.

அரசு வேலை தேடுகிறவர்களுக்கு மத்திய அரசின் குரூப் சி பணிகளில் 10 சதவீதம், பொதுத்துறை வங்கிகளில் அதே நிலைப் பணிகளில் 14.5 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. பத்தாவது தேறி 15 வருடம் பணியாற்றியவர், தொழில்நுட்பம் சாராத குரூப் சி பணிகளுக்குப் பட்டதாரிக்கு நிகராகக் கருதப்படுவார். பலர் தவறவிடுவது இன்னொன்று. மத்திய அரசு வேலை ஒன்றில் சேர்ந்துவிட்டால் அடுத்த வேலைக்கு ஒதுக்கீடு போய்விடும் என்று நினைக்கிறார்கள். சேருமுன் விண்ணப்பித்த பணிகளைத் தேதியோடு எழுதி, சேர்ந்தவுடன் அலுவலகத்தில் உறுதிமொழியாகக் கொடுத்தால் அவற்றுக்கு உரிமை நீடிக்கும். 2014 ஆகஸ்ட் ஆணை அது.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவதைத் தள்ளிப்போடக் கூடாது. உடனே வருமானம் வேண்டுமென்றால் 1986-இல் தமிழக அரசு தொடங்கிய முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ இருக்கிறது. அங்கே சேர்ந்தபடியே தேர்வுக்கும் படிக்கலாம்.

இப்போது என் கவலையெல்லாம் அக்னிவீரர்களைப் பற்றித்தான். 2022-இல் வந்த திட்டம், நான்கே வருடப் பணி, பென்ஷன் கிடையாது. அதிகபட்சம் நூற்றுக்கு 25 பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். நாளைய பயோடேட்டாவுக்காக, விடுப்பில் வரும் பிள்ளைகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, எந்தக் கருவியில் வேலை செய்தாய், எதைப் பழுதுபார்த்தாய் என்று ஊர், யூனிட் விவரம் இல்லாமல் மாதாமாதம் எழுதச் சொல்கிறேன்.